கோதண்டராமன் வீட்டுச் சாக்கடை

ராஜேந்திரன் ஒரு கொலைக் கேசுக்காகத் தவம் கிடந்தான். திருவண்ணாமலைத் தேரடிக்கு அருகே, சோடாக் கடை மாடியில், துப்பறிவாளர் மௌலியிடம் உதவியாளனாகச் சேர்ந்ததிலிருந்து அவனுக்கு வாய்த்ததெல்லாம் காணாமல் போன சைக்கிளும் கன்றுக்குட்டியும்தான். ஆகவே 1958-ஆம் வருஷத்து மார்கழிக் காலையில், ஜவுளிக்கடை கோதண்டராமன் மூச்சிரைக்கப் படியேறி வந்து மேஜைமேல் ஒரு வாழையிலைப் பொட்டலத்தை வைத்தபோது, உள்ளே வெட்டுப்பட்ட விரலாவது இருக்கும் என்று அவன் மனம் துள்ளியது.

உள்ளே இருந்தது சாக்கடைக் கசடு.

“என் வூட்டுக் குழாயில அடைச்சிக்கிட்டிருந்தது ஐயா இது. மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினா தொறக்குது. மறுபடியும் அடைச்சிக்குது. எல்லாம் பின்கட்டுல குடியிருக்கிற சடையன் வேலை. கடலை எண்ணெய் மில்லுல மிஷின் துடைக்கிறவன். எண்ணெயும் நூலுமா நிக்குது பாருங்க! கேட்டா, கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்றேங்கிறான்.”

“முன்கட்டுல யாரு இருக்காங்க?” என்று மௌலி கேட்டார்.

“நானும் என் பெஞ்சாதி கன்னியம்மாவும்தான். எங்க சமையல்ல எண்ணெயே கம்மி. ஆனா அவளும் அவங்க பக்கம்தான் பேசறா. நீங்க வந்து பார்த்து, சடையன்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, ஏற்கெனவே மெரட்டி வச்சிருக்கேன், நாளைக்கே காலி பண்ண வச்சிடுவேன்.”

“மார்கழியில யாரு அவனுக்கு வூடு குடுப்பாங்க?”

“அது அவன் பாடு” என்றார் கோதண்டராமன். சொல்லும்போது அவர் பார்வை தரையில் இருந்தது.

மௌலி ஒரு குச்சியால் கசடைக் கிளறினார். வெளுத்த மஞ்சள் நிறத்தில் கட்டியாக உறைந்திருந்தது. லேசான கசப்பு வாடை. நடுவே முறுக்கிய பஞ்சு நூல்கள். சிலவற்றின் நுனி மட்டும் கறுத்திருந்தது.

“கிரீஸ் சார்!” என்றான் ராஜேந்திரன். “மிஷின் துடைக்கிற நூலேதான். கேஸ் முடிஞ்சுது.”

“முடிஞ்சா நல்லதுதான். வா, போய்ப் பார்ப்போம்.”

அய்யங்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது வீடு. பின்கட்டில் சடையனின் மனைவி உண்ணாமலை நிறைமாத வயிற்றோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாத்திரங்கள் ஏற்கெனவே கோணிப்பையில் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

“கேட்ட எடத்துலெல்லாம் தை பொறக்கட்டும்ங்கிறாங்க ஐயா” என்றாள். “ரெண்டு தடவ வயித்துல தங்காமப் போச்சு. இதான் நெற மாசம் வரைக்கும் வந்திருக்குது. ஊரு கீழ்பென்னாத்தூருக்குப் போலாம்னா, மாட்டு வண்டில குலுங்கக் கூடாதுன்னு மருத்துவச்சி சொல்லிட்டாங்க. தெருவுல பெத்துடுவேனோன்னு பயமா இருக்குது.”

மௌலி குளிரில் கை வறண்டுவிட்டதாகச் சொல்லிக் கொஞ்சம் எண்ணெய் கேட்டார். கடலை எண்ணெய் சீசா இரவெல்லாம் ஜன்னலில் பனிபட்டு இருந்தது. அவள் சாய்த்ததும் எண்ணெய் மெல்லிய கம்பியாக அவர் உள்ளங்கையில் ஒழுகியது.

முன்கட்டில் சாமி மாடத்தில் ஒரு சின்ன மின்சார பல்பு எரிந்தது.

“விளக்கு ஏத்தறதில்லையா?” என்றார் மௌலி.

“இந்த வூட்டுல அதெல்லாம் நிறுத்தி வருஷம் ஆச்சு” என்று கோதண்டராமன் வெடுக்கென்று சொன்னார். வாசல்நிலையில் நின்ற கன்னியம்மாள் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடைசியாகக் குளிக்கும் அறை. இரண்டு கட்டுக்கும் பொதுவான குழாய் அங்கேதான் தொடங்கி, வெயில் படாத வடக்குச் சுவருக்கு அடியில் புதைந்து தெருவுக்குப் போனது. மூலையில் வெந்நீர் அடுப்பு. விறகுக் கட்டுக்குப் பின்னால் சில அகல்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

“போன மாசம் தீபத்துக்கு வாங்கினதா இருக்கும்” என்றான் ராஜேந்திரன்.

மௌலி ஓர் அகலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஈர விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள். சடையன் கைகட்டி நின்றான். உண்ணாமலைக்கு மட்டும் மௌலி முக்காலி போடச் சொன்னார். ராஜேந்திரனுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். குற்றவாளியைப் பார்த்து விரல் நீளும் இடம். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபின், விரல் எந்தப் பக்கம் நீளுமோ என்று அவனே பயந்தான்.

“கோதண்டராமன், கடலை எண்ணெய் இந்தக் குளிருக்கு உறையாது” என்று மௌலி தொடங்கினார். “இந்தம்மா வூட்டு சீசாவுல தண்ணியா ஓடுது. குழாயில இருந்தது கட்டியா உறைஞ்ச எண்ணெய். கசப்பு வாடை வேற. மார்கழியில அப்படி உறையறது இலுப்பெண்ணெய். அதைச் சமையலுக்கா வச்சிருப்பாங்க? விளக்குக்குத்தான்.”

“அப்ப நூலு?” என்றார் கோதண்டராமன்.

“மிஷின் துடைச்ச நூலுன்னா முழுக்கக் கறுத்திருக்கும். இது நுனி மட்டும் கருகியிருக்குது. எரிஞ்ச திரி அது.”

ராஜேந்திரன் தன் கிரீஸை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“யாரோ விடியறதுக்கு முன்ன விளக்கேத்தி, அணைஞ்சதும் சுவடு தெரியாம இருக்கணும்னு வெந்நீர் ஊத்தி அகலைக் கழுவறாங்க. சூட்டுல எண்ணெய் இளகி ஓடிடுது. வடக்குச் சுவத்துக்கு அடியில போனதும் குளிர்ந்து உறைஞ்சுக்குது. அதனாலதான் எத்தனை தடவ குத்தினாலும் திரும்பத் திரும்ப அடைக்குது. தீபம் முடிஞ்சு ஒரு மாசம் ஆகுது. ஆனா விறகுக்குப் பின்னால இருக்கிற அகல் இன்னும் ஈரமா இருக்குது.”

பெயர் சொல்ல அவர் விரும்பவில்லை என்பது ராஜேந்திரனுக்குப் புரிந்தது.

“நான்தாங்க” என்றாள் கன்னியம்மாள்.

கோதண்டராமன் முகம் சிவந்தது. “வேணாம்னு சொன்னேனா இல்லியா? நம்ம கொழந்த போன அன்னிக்கே வூட்டுல இருந்த விளக்கையெல்லாம் கொண்டுபோய் அய்யங்குளத்துல எறிஞ்சேனே, மறந்துட்டியா? இன்னும் யாருக்குடி வேண்டுதல்?”

“நமக்கு இல்ல.” அவள் உண்ணாமலையின் பக்கம் கை நீட்டினாள். “நம்ம புள்ளைக்கு ஏத்தினேன், தங்கல. இவளுக்கும் ரெண்டு போச்சு. மூணாவதாவது கையில தங்கட்டும்னு, மலையப் பார்த்து ஏத்தினேன். நீங்க பார்த்தா மனசு ஒடைஞ்சுபோவீங்கன்னுதான் மறைச்சேன். அதுவே இவங்களுக்கு வெனையா வரும்னு எனக்குத் தெரியலியே! எண்ணெய் தண்ணியோட போயிடும்னு நெனச்சேன். சடையன் மேல பழி வந்தப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல.”

உண்ணாமலை எழுந்திருக்க முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே அழுதாள். “அக்கா” என்று கன்னியம்மாளின் கையைப் பற்றிக்கொண்டாள்.

எந்தக் குழந்தைக்காக விளக்கு எரிந்ததோ, அந்தக் குழந்தையைத்தான் தெருவில் நிறுத்தப் பார்த்தோம் என்பது கோதண்டராமனுக்கு உறைத்தது. அவர் விறுவிறுவென்று குளிக்கும் அறைக்குப் போனார். ஏதாவது போட்டு உடைக்கப் போகிறாரோ என்று ராஜேந்திரன் பின்னாலேயே ஓடினான்.

அவர் வெந்நீர் அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய விறகை ஊதிக்கொண்டிருந்தார். வழிந்தது புகையினால் மட்டுமல்ல.

தண்ணீர் கொதித்ததும் சடையன் கைகொடுக்க வந்தான். அவர் அவனை விலக்கிவிட்டு, தானே அண்டாவைச் சாய்த்தார். குழாய் முதலில் விக்கியது, குமுறியது. பிறகு மளமளவென்று எல்லாம் தெருவுக்கு ஓடியது.

“சடையா, அந்தக் கோணிப்பையைப் பிரிச்சிப் போடு” என்றார். “பிரசவத்துக்கு மருத்துவச்சியக் கூட்டியார வண்டி நான் சொல்றேன்.”

அப்புறம் மனைவியின் பக்கம் திரும்பி, அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்: “நாளையிலேர்ந்து மாடத்துலயே ஏத்து. மொதல்ல துணியால தொடைச்சிட்டு, அப்புறம் கழுவு. என்னையும் எழுப்பு.”