தேனீ தொடாத பூ

அன்று காலையில் நீலாவதி தொடுவதற்கு முன்பே பூசணிப் பூவை யாரோ தொட்டிருந்தார்கள்.

விடிந்தும் விடியாத நேரம். கூலி வீடுகள் வரிசையாய் நின்ற லயத்தில், சமையல் குசினிக்குப் பின்னால் பனி இறங்கிக் கிடந்தது. வழக்கம்போல ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, அதன் மஞ்சள் பொடியைப் பெண் பூவில் தடவக் குனிந்தாள். அங்கே பொடி ஏற்கெனவே அப்பியிருந்தது. கொடியோரம் இன்னொரு ஆண் பூ உரித்துப் போட்டபடி கிடந்தது, ஈரம்கூடக் காயாமல். பூ விரிந்தே கால் மணி நேரம்தான் இருக்கும். அதற்குள் இங்கே யார் வந்தது?

சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. எங்கேயோ ஒரு தேனீ இரைவது மாதிரி இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். இரைச்சல் நின்றுவிட்டது.

தேனீயாவது மண்ணாவது! அந்த ரப்பர் தோட்டத்தில் தேனீயைக் கண்ணால் பார்த்து எட்டு மாதம் ஆகிவிட்டது. மாசி பிறந்து ரப்பர் மரம் துளிர்விட்டால் புக்கிட் பெலண்டோக் பக்கமெல்லாம் காடே இரையும். பால் வெட்டுகிறவர்கள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. ஜப்பான்காரன் வந்த மூன்றாவது மாசி இது. இலை உதிர்ந்தது, துளிர் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. பூசணிப் பூக்கள் காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் சுருங்கிப் பிஞ்சு பிடிக்காமல் அழுகின. லயத்துப் பெண்கள் விடியற்காலையில் எழுந்து பூ பூவாகக் கையால் தொட்டுப் பார்த்தார்கள். அதற்கும் ஒன்றிரண்டுதான் பிடித்தது.

தேனீ ஏன் போனது என்று குழாயடியில் ஆளுக்கு ஒரு பேச்சு. "சீனி இல்லன்னு ஜப்பான்காரன் தேன் கேட்டான், கண்ட கூட்டையெல்லாம் கொளுத்துனோம். ஒரு அடையாவது அதுக்குன்னு விட்டு வச்சமா?" என்பார் ஆட்களை மேய்க்கிற மண்டோர் சன்னாசி. "ரப்பர வெட்டிட்டு மரவள்ளி நட்டா அது எங்க போயி தேன் எடுக்கும்லா?" என்பாள் பக்கத்து வீட்டு மாரியம்மா. லாலான் புல்லைக் கருக்க வெள்ளைக்காரன் காலத்தில் அடித்த மருந்தைப் பற்றி யாராவது வாயெடுத்தால் போதும், நீலாவதி பாதி நிறைந்த பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த மருந்தை அடித்தவர்களில் அவளும் ஒருத்தி.

அவளுக்கு இருந்த ஒரே உயிர் மகள் செல்லம். ஆறு வயசு. கிழங்கையே தின்று தின்று பிள்ளைக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன; விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. நாலு பூசணிக்காய் பிடித்தால் போதும், பக்கத்துக் கிராமமான கம்பத்தில் மலாய்க்காரரிடம் கொடுத்து அரிசியும் தவிடும் வாங்கிவரலாம், பிள்ளை பிழைத்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"அப்பா எப்பம்மா வருவாரு?"

"சியாமுல ரயில் ரோடு போட்டு முடிஞ்சதும் வந்துருவாருடி தங்கம்."

எல்லாருக்கும் சொன்ன பொய்தான் பிள்ளைக்கும். மாயாண்டி சியாமுக்குப் போகவே இல்லை.

போன ஆனியில் ஆள் பிடிக்க லாரி வந்தபோது, தோட்டத்து எல்லையோரத்துப் பெரிய மரத்தின் பொந்துக்குள் போய் ஒளிந்துகொண்டான். மூன்று தோட்டத்து ஆட்களைச் சேர்த்து அடைத்த லாரியில் யார் இருந்தார், யார் இல்லை என்று யார் பார்த்தது? மாயாண்டியும் போய்விட்டான் என்றே லயம் நம்பியது. சிப்பாய்கள் போகிற மட்டும் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். பித்தளைச் சாமான்களைத்தான் ஏற்கெனவே வாரிக்கொண்டு போய்விட்டார்களே! வீட்டில் மிச்சம் சிரட்டைகள்தான். ஸ்டோரில் லாலான் மருந்து அளக்கிற தகர டின் ஒன்று கிடந்தது, சிவப்புப் பட்டை அடித்து, கம்பிக் கைப்பிடி வைத்து. சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தாள். சாம்பலுக்குப் போகாத அழுக்கு உண்டா என்ன? பளபளவென்றுதான் இருந்தது.

பொந்தின் மேற்பக்கம் தேன்கூடு. டின்னின் ஓரத்தில் சிந்தின ஈரத்தைத் தேனீக்கள் வந்து உறிஞ்சின. இரண்டாம் நாள் டின்னைச் சுற்றித் தேனீக்கள் வட்டமாகச் செத்துக் கிடந்தன. பாவி, அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா! அவற்றைக் கையால் ஒதுக்கிவிட்டு, "குடிங்க, குடிங்க" என்றாள். அவனும் குடித்தான். நாலாம் நாள் அவள் போனபோது அவன் உட்கார்ந்தபடியே விறைத்திருந்தான்.

வெளியே சொன்னால் ஓடி ஒளிந்தவனுக்காக லயத்தையே அடித்து நொறுக்குவார்கள். கொன்றது யார் என்று அப்புறம் லயம் கேட்கும். புற்று மண்ணைக் குழைத்துப் பொந்தை அடைத்தாள். டின்னையும் அவன் பக்கத்திலேயே விட்டுவிட்டாள். கொள்ளி இல்லை, பால் தெளிக்கவில்லை, கருமாதி இல்லை. நெற்றியில் பொட்டோடு வீட்டுக்கு வந்து கிழங்கு அவித்தாள்.

முதல் பூவில் பொடியைப் பார்த்த மறுநாள் காலை மூன்று பூக்களை யாரோ தொட்டிருந்தார்கள். அதற்கடுத்த நாள் ஏழு. ஏழும் பிஞ்சு பிடித்தன.

"ஏ நீலா, உன் கொடிக்கு மட்டும் என்னாடி வந்துச்சு? எனக்கு ஒன்னுகூட நிக்கல," என்றாள் மாரியம்மா.

"தெரியலக்கா."

"ராத்திரியெல்லாம் உன் வீட்டுல என்னா அது, 'ங்ங்'னு சத்தம்? சுவத்துல காத வச்சா எனக்குக் கேக்குது."

நீலாவதிக்கும் கேட்டது. பலகைச் சுவருக்குள்ளேயோ கூரைக்கு மேலேயோ இல்லை. செல்லம் படுத்திருந்த பாய்ப் பக்கமிருந்து வந்தது, தேனும் ஈரப் புற்று மண்ணும் கலந்த ஒரு வாடையோடு. எழுந்து போனால் நின்றுவிடும். படுத்தால் மறுபடி தொடங்கும்.

எட்டாம் நாள் விடியலில் குசினிக் கதவைத் திறந்தவள் கதவுநிலையைப் பார்த்தாள். மஞ்சள் பொடியில் நாலு விரல் தடம். மூன்று முழுசு. ஆள்காட்டி விரல் மட்டும் பாதி.

மாயாண்டிக்கு அந்த விரலின் மேல்கணு கிடையாது. பால் வெட்டும் கத்தி கொண்டுபோனது.

பாயில் செல்லம் தூங்கிக்கொண்டிருந்தாள். நீலாவதி வெளிக்கதவை இழுத்துச் சாத்திக் கம்பியால் கட்டிவிட்டு எல்லையைப் பார்த்து ஓடினாள். அவன் அங்கே இருக்கிறானா என்று பார்த்தே ஆகவேண்டும். இருந்தால் போதும், ஐயோ, இருந்தால் போதும். வெட்டிப்போட்ட ரப்பர் மரங்களைத் தாண்டினாள். லாலான் புல் முழங்காலை அறுத்தது. ஒரு குருவிச் சத்தம் இல்லை. அவளுடைய மூச்சுச் சத்தம்தான்.

மரம் நின்றது.

மண் விழுந்திருந்தது. வெளிப்பக்கமாக.

குனிந்து பார்த்தாள். இருந்தான். அவள் விட்டுவந்த மாதிரியே உட்கார்ந்திருந்தான், எலும்பும் கிழிந்த கைலியுமாக. மடி நிறையச் செத்த தேனீக்கள், காய்ந்து, மரவள்ளிச் சக்கை மாதிரி. அப்பாடா என்று ஒரு கணம் அவளுக்கு அழுகைகூட வந்தது.

அப்புறம்தான் அவன் வலது கையைப் பார்த்தாள். விரல் எலும்புகளின் நுனியில் மஞ்சள் பொடி. புதுசு. இன்னும் பனி ஈரம்.

பக்கத்தில் பார்த்தாள்.

மண்ணில் வட்டமாக ஒரு தடம். டின் வைத்த இடம்.

டின் இல்லை.

"செல்லம்!"

ஓடினாள். விழுந்தாள். எழுந்தாள். வாய் பிள்ளையின் பெயரைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. லயம் தெரிந்தது. அவள் வீட்டுக் கதவு தெரிந்தது. கட்டிய கம்பி அவிழ்ந்து தொங்கியது.

செல்லம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வீங்கின காலை நீட்டிக்கொண்டு, சிவப்புப் பட்டை போட்ட டின்னை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் மஞ்சள் பொடியில் ஒரு விரல் தடம், பாதி. டின் வைத்திருந்த இடத்தைச் சுற்றிப் படியில் தேனீக்கள் வட்டமாகச் செத்துக் கிடந்தன.

பிள்ளை டின்னை இறக்கினாள். வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே பாதித் தண்ணீர் ஆடியது.

"உனக்கும் மிச்சம் வைக்கச் சொன்னாரும்மா," என்று அம்மாவிடம் நீட்டினாள். "நல்லாத் தேச்சுக் கழுவிட்டாராம்."