பட்டினி போட்ட தட்டு

மூன்றாம் தட்டில் பச்சை வெளிச்சம் குறையவில்லை.

குறைந்திருக்க வேண்டும். எலியின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் அவை. உள்ளே சர்க்கரை இருக்கும்வரை பச்சையாக மினுங்கும்படி, ஓர் உணரிப் புரதத்தை அவற்றுக்குள் புகுத்தியிருந்தாள் கோமதித்தாய். நேற்றுக் காலையிலிருந்து சர்க்கரையே இல்லாத திரவத்தில்தான் பட்டினி கிடக்கின்றன. ஆனாலும் மானிட்டரில் வெளிச்சத்தை அளக்கும் கோடு ஏறிக்கொண்டே இருந்தது.

ஆடித் தபசு விடுமுறை. சங்கரன்கோவில் முழுக்க ரதவீதியில் திரண்டிருக்க, அந்த மேளச்சத்தம் மாடியிலிருந்த ஆய்வுக்கூடத்தின் அடைத்த ஜன்னல்களில் மோதி, ஈரத்துணியில் அடிப்பதுபோல மங்கி வந்தது. மைக்ராஸ்கோப்பைச் சுற்றிக் கறுப்புப் படுதா, ஸ்பிரிட் வாடை, இன்குபேட்டரின் வெதுவெதுப்பு. படுதாவுக்கு அப்பால் உதவியாளர் மிஸ்ரியா மூச்சு வாங்கும் சத்தம்.

"ஏட்டி மிஸ்ரியா, மூணாம் தட்டுல எதுவும் ஊத்துனியா?"

"இல்லக்கா. காலைலருந்து தல கிறுகிறுன்னு வருது. எந்திரிக்கவே முடியல."

படுதாவை விலக்கினாள். மிஸ்ரியா கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். சோர்ந்து உட்கார்ந்து பார்த்ததே இல்லை. இப்போது உதடு வெளுத்திருந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. கோமதித்தாய் அவள் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். நாற்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது.

"சாப்பிட்டியா இல்லியாட்டி?"

"நாலு இட்லி தின்னேன்க்கா."

குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாள். மிஸ்ரியா மடமடவென்று குடித்தாள். கடைசி வாய் இறங்கும்போதே படுதாவுக்குள் மணி அடித்தது. செல்களுக்குள் சர்க்கரை அளவு எல்லை மீறினால் மட்டும் அடிக்கும் மணி.

ஓடிப்போய்ப் பார்த்தாள். தட்டு முழுக்கப் பச்சை கொதித்தது.

மறுபடி குத்தினாள். இருபத்தெட்டு.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். கூட்டத்தைத் தாண்டி வர நேரமாகும் என்றார்கள். இன்னொரு டம்ளர் கரைத்துப் புகட்டினாள். இன்னொரு மணி. மிஸ்ரியாவின் தலை மேசையில் சாய்ந்தது.

இவள் குடிப்பது தட்டுக்குள் போக வழியே இல்லை என்றது கோமதித்தாய் படித்த படிப்பெல்லாம். கை அதற்குள் செல்களைக் கொல்லும் பிளீச் பாட்டிலைத் திறந்திருந்தது. பிப்பெட்டில் உறிஞ்சி, தட்டின் ஓரத்தில் விட்டாள்.

மானிட்டரில் ஓரத்துச் செல் ஒன்று உப்பியது. வெடித்தது. அணைந்தது.

"அக்கா!" மிஸ்ரியா அலறினாள்.

அடுத்த செல்.

"அக்கா!"

அடுத்தது.

திரவத்தைத் திரும்ப உறிஞ்சப் பார்த்தாள். கலந்துவிட்டது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. மெதுவாக. இன்னும் ஆயிரக்கணக்கில் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு அலறல்.