தெரியாத இடத்துச் சரக்கு

பஸீலின் குரலுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது.

ஜெமீலா போனை மறுபடி காதோடு ஒட்டிக்கொண்டாள். "ஜெமீலா, சோறு தின்டியா?" என்றது போன மாதம் மாரடைப்பில் மவுத்தாகிவிட்ட அவளுடைய கணவனின் குரல். அதன் பின்னால் தகரத்தில் ஒரு டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பண்டாரவளைக் கடைவீதிக்கு மேலே, சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டின் கூரை ஒழுகத் தொடங்கியதே நேற்றைய மழையில்தான். அவள் வைத்த தகரச் சட்டி மூலையில் அதே தாளத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

எழுந்து போய்ச் சட்டிக்குள் பழைய துணியைப் போட்டாள். அறை அடங்கியது. போனில் மட்டும் சொட்டியது.

இது பயம் வர வேண்டிய இடம் என்று தெரிந்தது. வரவில்லை. பஸீலின் உடலோடு ஜனாஸா வாசலைத் தாண்டியதிலிருந்து அவளுக்குள் எதுவும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. பசியும் அப்படித்தான், அழுகையும் அப்படித்தான். கணவன் போனபின் இத்தா இருப்பவள், வெளி ஆண்கள் கண்ணில் படாமல், மூடிய கதவுக்குள், ஈரச் சுவரின் வாசத்தில் இருந்துகொண்டிருந்தாள்.

துணி வியாபாரி பஸீல் அனுப்பிய குரல் செய்திகளை அவள் கேட்ட கையோடு அழித்துவிடுவாள். நாளைக்கும் அனுப்பத்தானே போகிறான். அவன் போன பிறகு அவற்றைத் தேடினாள். அழிந்ததை மீட்டுத் தரும் ஆப், போனோடு வந்த ஆப் கடையில் காசுக்கு இருந்தது; வெளிக் கடை ஒன்றில் சும்மா கிடைத்தது. அதைப் பதிவிறக்கும்போது போன் சிவப்பு எழுத்தில் எச்சரித்தது: தெரியாத இடத்திலிருந்து வருகிறது, ஆபத்தாக இருக்கலாம். வேறு யாரும் தயங்கியிருப்பார்கள். ஜெமீலா மூன்று தலைமுறைக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவள். எதிர்க் கடைச் சரக்கைப் பற்றி எந்த முதலாளி நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறான்? "அங்க வாங்கினா ஒரே அலசல்ல சாயம் போகும்" என்றுதான் அவளுடைய வாப்பாவும் படியிறங்கும் ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்வார். சாயம் போனதெல்லாம் பெரும்பாலும் வாப்பா விற்ற துணியில்தான்.

ஆகவே எச்சரிக்கையைத் தள்ளிவிட்டாள். ஆப் மைக்கைக் கேட்டது, கொடுத்தாள். கமராவைக் கேட்டது. தொடர்பு எண்களை, இருக்கும் இடத்தை. வாழ்க்கையில் அவள் பேரம் பேசாமல் கொடுத்தது அதுதான்.

முதலில் பழைய செய்திகள் திரும்பி வந்தன. பிறகு, அவளுக்கு ஞாபகமில்லாதவை.

பின்னேரம் பஸீலின் தங்கை ஷம்ரா சோற்றுக் கோப்பையோடு வந்தாள்.

"இன்னும் அந்தப் போன்தானா மதினி? சும்மா கெடச்சா ராப்பகலாக் கேக்கிறதா?"

"சோறு தின்டியான்னு கேக்குறாரு, உங்கட நானா."

"யாரு, அவரா?" ஷம்ரா சிரித்தாள். "உயிரோட ஈக்கக்குள்ள ஒரு நாளும் கேக்கல்லயே! தான் தின்டாப் போதும் அவருக்கு."

சிரிப்பு பாதியில் நின்றது. இருவரும் போனைப் பார்த்தார்கள்.

"அத அழிச்சிருங்க மதினி. நான் கடைக்கு எறங்குறன், பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வருவன். நீங்களும் புள்ளயும் தனியத்தான். கதவத் தாழ் போட்டுக்கோங்க."

மடியிலிருந்த போன் அதையும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெமீலா தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஏழு வயது மகள் ஸிஹாமா தரையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறி, எதிர் வீட்டை விழுங்கி, கண்ணாடியோடு வந்து நின்றது. ஆப்பை அழிக்கத் தேடினாள். இருந்த இடத்தில் அதன் படம் இல்லை. எங்குமே இல்லை. போன் மட்டும், காய்ச்சல்காரனின் நெற்றி போல், சுட்டது.

அணைத்தாள். திரை கறுத்தது.

கறுத்த திரைக்குள்ளிருந்து டொக்.

கதவு தட்டப்பட்டது.

"மகள்."

வெளியிலிருந்து. பஸீலின் குரல்.

"வாப்பா வந்தீக்கிறன். கதவத் தொற."

ஸிஹாமாவின் கையிலிருந்து பென்சில் விழுந்தது. முகம் மலர்ந்தது. ஒரு மாதமாக மலராத முகம். கதிரையை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வெளியே அந்தக் குரலுக்குப் பின்னாலும் சொட்டியது. டொக்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எழுந்தாள். மரத்துப்போன கால் மடங்கியது. சுவரைப் பிடித்தாள்.

பிள்ளை கதிரையில் ஏறி நின்றாள். கை தாழ்ப்பாளில். ஒரு கணம் தயங்கினாள். உம்மாவைக் கேட்காமல் கதவு திறக்கக்கூடாது.

"உம்மா, தொறக்கவா?"

ஜெமீலா வாயைத் திறப்பதற்கு முன்னால் போன் பேசியது. அவளுடைய குரலில். அதே களைப்பு. நடுவில் அதே சின்ன இருமல்.

"தொறங்க மகள். வாப்பாதானே."

ஸிஹாமா திரும்பிப் பார்க்கவில்லை. உம்மா சொல்லியாயிற்று.

கதவின் அடியில், பனி வெளிச்சத்தில், கால்கள் தெரிந்தன. இரண்டல்ல. நெருக்கமாக, வரிசையாக, அசையாமல், நிறையக் கால்கள்.

தாழ்ப்பாள் விலகியது.