ஒற்றைத் தோட்டின் நிழல்

காலை 9.40. திருப்பதி பல் ஆஸ்பத்திரியில் ஒரு தாடை காணாமல் போயிருந்தது. அதைக் கண்டுபிடித்தது டாக்டர் மோகனப்ரியாதான்.

எக்ஸ்ரே பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. 'ஜெயசீலி' என்று பெயர் போட்ட படத்தில் வலது கீழ்த்தாடை உள்ளே அரித்து, முட்டை ஓடு கனத்துக்குத்தான் எலும்பு மிஞ்சியிருந்தது. பதினொரு மணிக்கு அங்கே திறந்து சோதனைக்குச் சதை எடுக்க ஏற்பாடு. ஆனால் சற்றுமுன் அவள் அழுத்திப் பார்த்த ஜெயசீலியின் தாடையோ கல் மாதிரி உறுதியாக இருந்தது.

அப்படியானால் படத்திலிருக்கும் தாடைக்குச் சொந்தக்காரர் எங்கே? மோகனப்ரியா ஜெயசீலியின் பக்கம் திரும்பினாள்.

"நேத்து எத்தன மணிக்கு எடுத்தாங்க?"

"நாலரைக்கு," என்றார் சித்தூரிலிருந்து மகளோடு வந்திருந்த சத்தியநாதன். "இவதான் ஒரு அம்மாவ முன்னாடி வுட்டுட்டா."

"வரதய்யபாளையம் பஸ்ஸு போயிடும்னு தவிச்சிக்கினு இருந்தாங்க மேடம்," என்றாள் ஜெயசீலி.

9.52. எக்ஸ்ரே எடுக்கும் கிரண்குமார் வந்து நின்றான்.

"படத்துக்குப் பேரு எப்ப போடுவ?"

"வரிசைப்படி முன்கூட்டியே போட்டு வெச்சிடுவேன்."

"நேத்து வரிசை மாறிச்சா?"

"லேது மேடம், மாறல."

"படத்துல இடது ஓரம் ஏன் குறையுது? வலது கன்னத்துக்கு மேல என்ன வெள்ளைத் தீற்றல்?"

"ரெண்டுமே மெஷின் கோளாறு."

பதினைந்து வருஷமாகப் பார்த்தும் அந்தத் தீற்றல் அவளைப் பிரமிக்க வைக்காமல் விட்டதில்லை. தலையைச் சுற்றி வரும் மெஷின், காதிலிருக்கும் தோட்டை இரண்டு முறை எழுதிவிடும். அதே பக்கம் தெளிவாக, எதிர்ப்பக்கம் சற்று மேலே மங்கலாக.

"இடது காதுத் தோடு தெரியக் கூடாதுன்னு படத்தோட ஓரத்தை வெட்டிட்ட. அதோட நிழல் வலது பக்கமும் விழும்னு உனக்குத் தெரியல. ஜெயசீலி, காதைக் காட்டும்மா."

"எங்க சபையில காது குத்தறதே இல்லீங்க," என்றார் சத்தியநாதன்.

கிரண்குமாருக்கு முகம் வெளிறிவிட்டது. "மேடம், முன்னாடி வந்த அந்தம்மா பேரு ஜமீலா. ஒரு தோட்டுக்குத் திருகு கழலல. பேரு மாறினது சாயந்திரம்தான் தெரிஞ்சுது. சொன்னா வேல போயிடும்னு மறைச்சிட்டேன்."

"அவங்களுக்கு இங்க என்ன சொன்னாங்க?"

"அவங்க பேரு போட்ட படத்தப் பாத்து ஒண்ணுமில்லன்னு."

10.03. மோகனப்ரியா போன் போட்டாள். "ஜமீலாம்மா, என்ன பண்றீங்க?"

"வேர்க்கடல துன்னுகினு இருக்கேன்."

"துப்பிடுங்க. எதையும் கடிக்காம அடுத்த பஸ்ஸுல இங்க வாங்க. உங்க தாடையைக் காப்பாத்தலாம். அந்த இடது தோடு இன்னும் காதுலதானே இருக்கு?"

போனில் கடலையைத் துப்பும் சத்தம் கேட்டது.

"அது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"