கடைசிக் கதவு

மகேஸ்வரி தயாரித்த பாடத்தில் இன்னும் யாரும் சேரவில்லை. ஆனாலும் மடிக்கணினித் திரையில், அவள் வரைந்திருந்த வீட்டின் வாசற்கதவு திறந்திருந்தது.

கூச்சப்படுகிறவர்கள் நாலு பேர் முன்னால் பேசப் பழகுவதற்கான இணையவழிப் பாடம் அது. வெறும் பாடமாக இருந்தால் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று அதை விளையாட்டாக அமைத்திருந்தாள். கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொன்னால் நட்சத்திரம் விழும். ஒரு கதவு திறக்கும். அடுத்த அறைக்குப் போகலாம். படத்துக்கு மாதிரி விருத்தாசலத்தில் அவள் தனியாக இருக்கும் இந்த வீடுதான். மகள் கனிஷ்கா வேலைக்கென்று சென்னை போனதிலிருந்து இங்கே மகேஸ்வரியின் குரலைக் கேட்க ஆளில்லை.

பீங்கான் சூளைகளின் புகை மழை ஈரத்தோடு தெருவில் படிந்திருந்தது. ஜங்ஷனில் சரக்கு ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் ஓசை சுவர் வழியாக வந்து மெல்ல அடங்க, அந்தி இருட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. திரையில் கூடத்துக் கதவும் திறந்தது.

கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் பூபாலனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, யாருக்காவது லிங்க் அனுப்பிட்டீங்களா?"

"இல்லீங்கக்கா, நாளைக்குத்தான அனுப்பணும்?"

"யாரோ பதில் சொல்லிக்கிட்டு இருக்காங்க."

"உங்க கை பட்டிருக்குங்கக்கா. பதிவாயிருக்கும், கேட்டுப் பாருங்க. நான் திட்டக்குடி பஸ்ஸுல இருக்கேன், டவரு…"

இணைப்பு அறுந்தது. அவள் பதிவை ஓடவிட்டாள்.

முதல் கேள்வி: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

மழைச் சத்தம். பிறகு, பேசியே வெகுகாலமானதுபோல் தயங்கித் தயங்கி ஒரு குரல். "வூட்டு வாசல்ல."

இரண்டாவது: என்ன கேட்கிறது?

"ஃபேன் ஓடுது. ஒரு றெக்கை தட்டுது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தட்டிக்கொண்டுதான் இருந்தது.

எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். போட்டபடியே இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் நட்சத்திரம் விழும் மணியோசை. படத்தில், அவள் இருக்கும் அறையின் கதவும் திறந்திருந்தது.

மூன்றாவது: யாரைப் பார்க்கிறீர்கள்?

"ஒரு அம்மா. தனியா ஒக்காந்திருக்காங்க. திரும்பவே மாட்டேங்கிறாங்க."

அவள் திரும்பவில்லை. மடிக்கணினியை மூட நினைத்தாள். விரல் அசையவில்லை.

திரையில் திறந்திருந்த அதுதான் கடைசிக் கதவு. அதற்குப் பின்னால் இருந்த பயிற்சியை, கூச்சமெல்லாம் அதோடு போய்விடும் என்று சிரித்துக்கொண்டே எழுதியவள் அவள்தான்: பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

பதிவின் சிவப்புப் புள்ளி மினுங்கத் தொடங்கியது.

பிசைந்த பச்சைக் களிமண்ணின் வாடை. மிக அருகில்.

அவளது இடது கையின் மேல் விரல்கள். ஜில்லென்று. ஒவ்வொன்றாக இடுக்குகளில் நுழைந்து கோத்துக்கொண்டன.

இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்க வேண்டும். அந்தக் கையை யாராவது பிடித்து எத்தனை காலம்! அவள் இழுக்கவில்லை.

காதோரம் மூச்சு. அதே குரல். இப்போது அதில் கூச்சமில்லை.

"என் பேரு மகேஸ்வரி."

திரை முழுக்க நட்சத்திரங்கள் கொட்டின. அந்த வெளிச்சத்தில், நாற்காலியின் கைப்பிடியில், கோத்துக்கொண்டிருந்த இரண்டு கைகளும் ஒரே மாதிரி இருந்தன.