மலையேறிய மூன்றாவது விளக்கு

“என் மாப்ளயத் திருடன்னு எழுதிக் குடுத்தா என்னைய விட்டுருவாகளாம். குடுக்கட்டுமா ஐயா?”

சிம்மக்கல்லில் வெங்காய மண்டிக்கு மேலே இருந்த மாடி அறையில் அந்த மனிதன் நின்றுகொண்டே கேட்டான். கார்த்திகை மாதத்து மழை அவன் வேட்டியை முழங்கால்வரை சேறாக்கியிருந்தது.

சாம்பசிவம் கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருஷம் ஜில்லா கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி தமிழில் சொன்னதை வெள்ளைக்கார ஜட்ஜுக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஒரு சொல் பிசகினால் ஒருவன் தூக்கில் தொங்குவான். பென்ஷன் வாங்கிய பிறகும் அந்தப் பயம் அவரை விடவில்லை. அதை வைத்துத்தான் இப்போது துப்பறிந்துகொண்டிருந்தார்.

“முதல்ல உட்காருங்க. பேரு?”

“சோணைமுத்து. எழுமலைப் பக்கம். எலக்ட்ரிக் வேலை. லைசென்ஸ் இருக்கு.”

“இருந்துச்சுன்னு சொல்லுங்க” என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. விருமாண்டி. உசிலம்பட்டிக்காரன், மேலதிகாரியோடு சண்டை போட்டுப் போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு வந்து, சாம்பசிவத்தின் காலடியிலேயே கிடப்பவன். “பசுமலை பங்களாக் கேஸு அண்ணே! தோட்டக்காரன் ஒருத்தன் விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சபடி செத்துக் கெடந்தான்ல? அது இவரு நட்ட கம்பம்.”

சோணைமுத்து தலை குனிந்துகொண்டான்.

“வீட்டுக்குள்ள லைட்டுப் போட மதுரையில பத்துப் பேரு இருக்கான் ஐயா. தோட்டத்துல போட ஒருத்தனும் இல்ல. அதைத் தொழிலா எடுத்துக்கிருவோம்னு ஆறு மாசமா ஒவ்வொரு பங்களா வாசலாப் போய் நின்னேன். ‘மழையில நனைஞ்சா வீடே எரிஞ்சிரும், போப்பா’ன்னு வெரட்டிட்டாக. என் தங்கச்சி மாயக்காளோட புருசன் மொக்கையன் பத்து வருஷமாப் பசுமலையில பட்டாபிராமன் வக்கீல் வீட்டுத் தோட்டக்காரன். அவன்தான் எசமான்கிட்டப் பேசி இந்த வேலைய வாங்கிக் குடுத்தான். என் மொத வேலை. அல்லிக்குளத்தைச் சுத்தி மூணு கம்பம். திருக்கார்த்திகை அன்னைக்கு ஏத்தி வச்சோம்.”

“அன்னைக்கே செத்தானா?”

“அன்னைக்கேதான். ஒரு கம்பத்தைக் கடப்பாரையால பேத்து எடுத்திருக்கான். வயரு இழுபட்டுக் கிழிஞ்சு, கம்பத்துல கரண்டு ஏறிருச்சு. இன்ஸ்பெக்டர் சொல்றாரு, ‘கம்பத்தைத் திருடப் போனான்னா அவன் தப்பு. இல்லைன்னா ஆழமாப் புதைக்காத உன் தப்பு. ரெண்டுல ஒண்ணை எழுதிக் குடு’ங்கிறாரு. திருடன்னு எழுதினா என் தங்கச்சி மகள யாரு கட்டுவா? என் தப்புன்னு எழுதினா ஜெயிலு. இப்பவே மத்த ரெண்டு பங்களாக்காரகளும் வேண்டாம்னுட்டாக. தங்கச்சி என் மூஞ்சியில முழிக்க மாட்டேங்குறா.”

சாம்பசிவம் எழுந்து குடையை எடுத்தார். “விருமாண்டி, ஜட்கா பிடி.”

பசுமலை பங்களாவின் பின்பக்கம் பெரிய தோட்டம். நடுவில் அல்லிக்குளம். குளத்துக்கு அப்பால், பாறைகளை அடுக்கிச் செடி நட்டு இரண்டு ஆள் உயரத்துக்கு எழுப்பிய ஒரு செயற்கைக் குன்று. இடுப்புயர இரும்புக் கம்பங்கள் இரண்டு குளக்கரையில் நின்றன. தலையில் கண்ணாடிக் கூண்டு. மூன்றாவது கம்பம் குன்றின் பாதிச் சரிவில் கிடந்தது. போலீஸ் எதையும் எடுக்க விடவில்லை.

விருமாண்டி நாலு கால் பாய்ச்சலில் குன்றைச் சுற்றி வந்தான்.

“அண்ணே, திருட்டுத்தான். இங்க பாருங்க, ரெண்டாவது கம்பத்தடியிலயும் மண்ணைக் கிளறியிருக்கான். பயலுக்கு ஒண்ணு பத்தல!”

“கம்பம் எந்தப் பக்கம் போயிருக்கு?”

“குன்று மேல.”

“வெளிக்கதவு?”

“எதிர்ப்பக்கம்...” விருமாண்டி காதைச் சொறிந்தான். “வழி தவறிட்டானோ?”

“பத்து வருஷம் தண்ணி ஊத்தின தோட்டத்துலயா?”

சாம்பசிவம் குன்றின் அடிவாரத்தில் குனிந்தார். ஒரு ஜோடி தோல் செருப்பு. சேறு அப்பியிருந்தது, ஆனால் கோயில் வாசலில் விட்டதுபோல் ஒன்றையொன்று ஒட்டி, நேராக இருந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் வட்டமாகச் சுருட்டிய துண்டு ஒன்று நனைந்து கிடந்தது.

“சும்மாடு” என்றான் விருமாண்டி. “தலையில வச்சுச் சுமக்கப் பாத்திருக்கான்.”

“எரியுற விளக்கையா?”

“ஆமா, அணைக்கவே இல்லையே! திருடன் வெளிச்சம் போட்டுக்கிட்டுத் திருடுவானா?” விருமாண்டிக்கே குழப்பமாகிவிட்டது. கம்பம் நின்ற குழியை அளக்க உட்கார்ந்துவிட்டான். “முக்கால் கஜம் இருக்கு அண்ணே. ஆழமாத்தான் புதைச்சிருக்காரு.”

சாம்பசிவம் மட்டும் வீட்டுக்குள் போனார். வக்கீல் பட்டாபிராமன் சாய்வுநாற்காலியில் இருந்தார்.

“ஸ்விட்ச் கார் ஷெட்டில் இருக்கு. பூட்டி, சாவியை நான்தான் வெச்சிண்டிருக்கேன். கண்டவன் கை வெச்சுடப்படாது பாருங்கோ. அலறல் கேட்டு நான் ஓடிப்போய் நிறுத்தறதுக்குள்ளே எல்லாம் முடிஞ்சுடுத்து.”

அவர் மனைவி பாகீரதியின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. “அகல் எல்லாம் ஏத்தியாச்சு. ஏழரை மணிக்குத் தூறல் போட்டுது. இந்த எலக்ட்ரிக் விளக்கு மழையில வெடிச்சுடுமோன்னு நேக்கு பயம். ‘மொக்கையா, குளத்தடி விளக்கையெல்லாம் மலையேத்திடுடா’ன்னு ஜன்னல் வழியாச் சொல்லிட்டு, நைவேத்தியத்தைக் கவனிக்கப் போயிட்டேன். சாவி இவர்கிட்ட இருக்கறதுகூட நேக்கு நினைவில்லை. ‘ஆகட்டும்மா’ன்னு எத்தனை சந்தோஷமாச் சொன்னான் தெரியுமோ? அவனா திருடன்? நம்ப முடியலையே.”

சாம்பசிவம் எழுந்து போய் அந்த ஜன்னல் வழியே குளத்தையும் குன்றையும் பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் அவர் எல்லாரையும் கார் ஷெட்டுக்கு வரவழைத்தார். இன்ஸ்பெக்டர், வக்கீல் தம்பதி, சோணைமுத்து; வெளியே தூணோரம், வெள்ளைச் சேலையில் மாயக்காள். அவள் அண்ணன் இருந்த திசையையே பார்க்கவில்லை. மழை இருட்டுக்காக விருமாண்டி ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றிப் பிடித்திருந்தான். ஸ்விட்ச் பலகையைப் பார்த்து முடித்ததும் சாம்பசிவம் சாதாரணமாகச் சொன்னார்:

“விருமாண்டி, போதும். விளக்கை மலையேத்திடு.”

விருமாண்டி அவரைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான். “இப்பவா அண்ணே? மழை தூறுது.”

“இப்பத்தான்.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே வெளியே இறங்கினான். குளத்தைச் சுற்றிப் போனான். பாறைகளில் வழுக்கி வழுக்கி ஏறினான். குன்றின் பாதியிலிருந்து கத்தினான்: “உச்சியில வைக்கவா, இங்கனயே போதுமா?”

பட்டாபிராமன் சிரித்துவிட்டார். “அசடு! மலையேத்துன்னா அணைக்கிறதுன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா ஓய் உம்ம...”

சிரிப்பு பாதியில் நின்றது. பாகீரதி குன்றைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவனுக்குத் தெரியாது” என்றார் சாம்பசிவம். “அவங்க ஊர்ல விளக்கை அமத்துன்னு சொல்லுவாங்க. மொக்கையனும் அந்தப் பக்கத்து ஆள்தான். பத்து வருஷமும் தோட்டத்தோட நின்னவன்; வீட்டுக்குள்ள விளக்கு வைக்கிற பேச்சு அவன் காதுல விழுந்திருக்காது. உங்க வீட்டுல விளக்கை அணைன்னு சொல்றது அமங்கலம். அதனால மலையேத்துன்னு சொன்னீங்க. அன்னைக்கு என்ன நாள்? திருக்கார்த்திகை. ஊரே மலை மேல விளக்கு ஏத்துற நாள். தோட்டத்துல ஒரு மலை இருக்கு. அம்மா சொன்னது அவன் காதுல ஒரு சாமி காரியமா விழுந்திருக்கு. செருப்பை அடிவாரத்துல கழட்டி வச்சுட்டு, வெறுங்காலோட ஏறியிருக்கான். செருப்பு காலிலேயே இருந்திருந்தா ஒருவேளை பிழைச்சிருப்பான். முதல் கம்பத்தைத் தூக்கிட்டுப் போகையிலேயே வயர் கிழிஞ்சிருச்சு. அடுத்ததையும் கொண்டுபோகத்தான் மண்ணைக் கிளறி வச்சிருந்தான். இது திருட்டு இல்லை, இன்ஸ்பெக்டர். முக்கால் கஜக் குழியைப் பாத்தீங்கன்னா கவனக்குறைவும் இல்லைன்னு தெரியும்.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். “விபத்துன்னு எழுதிடறேன்” என்றார். சோணைமுத்துவைப் பார்த்து, “உன் லைசென்ஸ் தப்பிச்சுதப்பா” என்றார்.

“நான் வாய் திறந்து அணைன்னு சொல்லியிருக்கலாமே” என்று பாகீரதி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விருமாண்டி அரிக்கேனோடு திரும்பி வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. ஷெட் வாசலில் நின்று எல்லாவற்றையும் காதில் வாங்கியிருந்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

“ஒண்ணு மட்டும் வெளங்கல அண்ணே. எனக்குக் கரண்டு கம்பின்னாலே குலை நடுங்கும். எரியுற எலக்ட்ரிக் விளக்கைக் கட்டிப் பிடிச்சுத் தூக்க அவனுக்கு எப்படித் துணிச்சல் வந்துச்சு?”

சாம்பசிவம் கையை உயர்த்தி அவனைத் தடுக்கப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் வேண்டுமென்றேதான் கேட்காமல் விட்டிருந்தார்.

“நான் குடுத்த துணிச்சல்” என்றான் சோணைமுத்து.

எல்லாரும் திரும்பினார்கள்.

“விளக்கு ஏத்தின அன்னைக்கு அம்மா கிட்டவே வரமாட்டேன்னு நின்னாக. மொத வேலை. கை நழுவிருமோன்னு பயம். ‘ஒண்ணும் பண்ணாதும்மா, பாருங்க’ன்னு நான் போயி எரியுற கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக் காட்டினேன். அம்மா சிரிச்சாக. மாப்ளயும் சிரிச்சான். ‘அம்புட்டுத்தானா! எண்ணெ விளக்காச்சும் சுடும்’னான். ‘ஆமா மாப்ள, அம்புட்டுத்தான்’னேன்.” அவன் தூணோரம் பார்க்காமல் தொடர்ந்தான். “நட்டு வச்ச கம்பத்தைத்தான் அப்படித் தொடலாம்னு சொல்லாம விட்டுட்டேன் ஐயா. சொன்னா அம்மா பயந்துக்குவாகளேன்னு விட்டுட்டேன்.”



மாயக்காள் முதல் முறையாக அண்ணனைப் பார்த்தாள். “எம்புருசன் திருடன் இல்லைன்னு ஆயிருச்சு. அது போதும் எனக்கு” என்றாள். பிறகு, “அண்ணே, நீ இனிமே எழுமலைக்கு வராத” என்றாள்.

சோணைமுத்து தலையாட்டினான்.

மழை வலுத்தது. விருமாண்டி தரையில் வைத்த அரிக்கேன் புகைய ஆரம்பித்தது. “யாராவது அந்த விளக்கை...” என்று தொடங்கிய பாகீரதி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த சொல்லைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் நா எழவில்லை. இன்ஸ்பெக்டர் குடையோடு இறங்கிப் போனார். விருமாண்டி தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் மாயக்காள்தான் குனிந்தாள். திரியை அடிவரை இறக்கினாள்.