அம்மா காது

கம்பிக்காரர் பூட்டைத் திறந்து வீட்டுக்குள் கால் வைத்தபோது புதுப் போனில் தொண்ணூற்றாறு சதவீதம் சார்ஜ் இருந்தது. செருப்பை மூலையில் தள்ளி, சட்டையை ஆணியில் மாட்டி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எண்பத்தொன்று.

"திருட்டுப் பசங்க," என்றார். கேட்க வீட்டில் ஆள் இல்லை.

செய்த கம்பெனிக்காரன், விற்ற கடைக்காரி, வாங்கிக் கொடுத்த மகள், எல்லாரையும் சேர்த்துத்தான் சொன்னார். எழுபத்திரண்டு வயதில் அவர் நம்புவது தன் காது ஒன்றைத்தான். முப்பத்தைந்து வருஷம் குடிநீர்க் குழாயில் கசிவு பார்க்கும் வேலை. ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்றின் ஒரு முனையைத் தெருவில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்தாரென்றால், நாலடி ஆழத்தில் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். அதனால் கம்பிக்காரர். ஓய்வு பெற்ற அன்று கம்பியையும் கையோடு கொண்டு வந்துவிட்டார். அது கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது.

கசிவைப் பிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வால்வாக மூடிக்கொண்டே வர வேண்டும். எதை மூடினதும் ஓட்டம் நிற்கிறதோ, ஓட்டை அந்தப் பக்கம். போனிலும் அதையே செய்தார். வெளிச்சத்தைக் குறைத்தார். படம் காட்டுவது, வழி சொல்வது, செய்தி கொண்டு வருவது எல்லாவற்றையும் மகள் தூரத்திலிருந்து சொல்லச் சொல்ல அணைத்தார். கடைசியில் சிம்மையே உருவி மேஜையில் வைத்தார்.

அப்படியும் இறங்கியது. சிம்மைத் திரும்பச் செருகினார்.

ஒருநாள் கோபத்தில் போனை எடுத்துக்கொண்டு போய் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார். நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டே புள்ளி இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்தார். அரை மணியில் இருபது.

போனில் ஓட்டை இல்லை. வீட்டில்தான் எங்கேயோ ஓட்டை.

மறுநாள் காலையில் செல்போன் கடைக்குப் போனார். கடைக்காரி ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியோடு எதையோ பிரித்துப் போட்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். வாய் ஓயாது.

"வாங்க பெரியவரே. மூணாவது தடவை. என்னைப் பாக்காம இருக்க முடியலையா?"

"பேட்டரிய மாத்தி வச்சு வித்துட்டுச் சிரிக்கிறியா?"

"சீல் பிரிக்காத போனுக்குள்ள கைய விட்டு பேட்டரிய மாத்தறதுக்கு நான் என்ன மந்திரவாதியா? குடுங்க இங்க."

போனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள். அரை மணி ஆனது. ஒரு புள்ளி இறங்கவில்லை.

"பாத்தீங்களா."

"இங்க நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். வீட்டுக்குள்ள போனாத்தான் குணத்தக் காட்டும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்," என்றபடி, எது எது எவ்வளவு சார்ஜ் குடித்தது என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. "'அம்மா காது'. இது என்ன?"

கம்பிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரியோட காது மிஷின். பழைய போன்ல பாப்பா, எம் மக, கோத்து வச்சிருந்தா. பேரும் அவ வச்சதுதான்."

"பழசுல இருந்ததெல்லாம் புதுசுக்கு ஏத்தினப்ப இதுவும் கூட வந்திருக்கு. இதுதான் உங்க ஓட்டை. ரூம்ல கேக்கற சத்தத்தையெல்லாம் போன் எடுத்து அந்த மிஷினுக்கு அனுப்பிட்டே இருக்கு. நேத்து மட்டும் ஒம்பது மணி நேரம். ப்ளூடூத்த அணைக்கலையா நீங்க?"

"அணைச்சா திரும்பி வந்துடுது. புதுசுல அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

"அப்படியெல்லாம் வராதே. சரி, அம்மாகிட்ட சொல்லி மிஷின அப்பப்ப அணைச்சு வைக்கச் சொல்லுங்க."

"அவ போய் ஏழு மாசம் ஆச்சு."

கடைக்காரி கண்ணாடியைக் கழற்றினாள். "மனசுல வச்சுக்காதீங்க. தெரியாம சொல்லிட்டேன். அப்ப மிஷின் எங்கயாவது அலமாரியில ஓடிட்டிருக்கும். அதோட பேட்டரி செல்ல எடுத்துடுங்க."

"அதுல செல்லு பத்து நாளைக்கு மேல தாங்காது." அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எவ்வளவு தூரம் எட்டும்?"

"முப்பதடி. நடுவுல சுவர் வந்தா அதுவும் இல்ல."

"அடக்கம் பண்ண இடம் ரெண்டு மைலு. மிஷின் அவ காதுலதான் இருக்கு. கழட்ட வேணாம்னு சொன்னதே நான்தான்."

 கடைக்காரி போனிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அப்புறம் ஒரே ஒரு விரலை மட்டும் நீட்டினாள். "ஒரு அழுத்து அழுத்தினா பட்டியல்லருந்து போயிடும். எடுத்துடவா?"

அவர் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும்."

வாசல் இறங்கும்போது அவள் கூப்பிட்டாள். குரலில் பழைய துடுக்கு இல்லை. "பெரியவரே. அந்த மிஷின்ல எவ்வளவு சார்ஜ் இருக்குன்னும் அதுல காட்டிச்சு."

"எவ்வளவு?"

"நூறு."

அந்த மிஷினுக்குச் செல் மாற்றுவது எட்டு வருஷமாக அவர் வேலை. அவளுக்கு வாதத்தில் விரல் மடங்காது. மிளகு மாதிரிச் செல், அதன் முதுகில் ஒரு ஆரஞ்சு ஸ்டிக்கர். அதை உரித்தால்தான் செல்லுக்கு உயிர் வரும். ஸ்டிக்கரை உரித்து, கூடத்து மாதக் காலண்டரில் அன்றைய தேதிமேல் கோணாமல் ஒட்டுவார், அடுத்தது எப்போது என்று தெரிவதற்காக. தீர்ந்த செல்லை ஒரு டப்பா மூடியில் போடுவார். அந்த மிஷினுக்கு ஒரு பொல்லாத குணமும் உண்டு. தலையணையோ, கையோ, அவர் கன்னமோ, எது பக்கத்தில் நெருங்கினாலும் 'கீய்ங்' என்று விசிலடிக்கும். "உன் காதுக்கே என்னைப் பிடிக்கல," என்பார். அவள் சிரிப்பாள்.

கடைசி வாரம் செல் தீர்ந்துபோனது. மாற்றச் சொன்னாள். நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். 'யாருங்க வந்தது, என்ன சத்தம் அது, அவன் என்ன சொன்னான்' என்று நாள் முழுக்க வரும் கேள்விகள் நின்று வீடு அடங்கியிருந்தது. அது அவருக்குச் சுகமாக இருந்தது. நாலு நாள் அப்படிப் போனது.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி வார்டு. டாக்டர் கட்டிலருகே நின்று மெதுவாகப் பேசினார். அவள் டாக்டர் உதட்டையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க சொல்றாரு?"

அவர் கையை ஆட்டினார். வாயைப் பெரிதாகத் திறந்து அசைத்துச் சொன்னார். "ஒண்ணுமில்ல. நாளைக்கு வீட்டுக்குப் போலாமாம்."

அவள் தலையாட்டினாள். பையை எடுத்து வைக்கச் சொன்னாள். விடிவதற்குள் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு முன்னால் அவர் ஒரு புதுச் செல்லை உரித்து அவள் காது மிஷினில் போட்டார். உயிர் வந்தால் அது மூன்று தடவை மணியடிக்கும். அவ்வளவு பேர் நடுவில், அசையாத அந்தக் காதிலிருந்து அது மணியடித்தது. மகள் அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அவர் உள்ளே போய் அன்றைய தேதிமேல் ஸ்டிக்கரை ஒட்டினார். அதற்கப்புறம் காலண்டரில் தாளைத் திருப்பவே இல்லை.

வீடு வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது. ஆனால் மழை மேகம் கட்டி, கூடத்தில் விளக்குப் போடும் அளவுக்கு இருட்டியிருந்தது. அவர் விளக்குப் போடவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்காரி திறந்து வைத்த பக்கம் அப்படியே இருந்தது.

அடுப்படிக்குப் போனார். 'அம்மா காது' பக்கத்தில் ஒன்றும் இல்லை.

கூடத்துக்கு வந்தார். இணைப்பைக் காட்டும் ஒரு பச்சைப் புள்ளி வந்து, போய், வந்தது.

படுக்கையறைக் கதவுக்கு முன்னால் நின்றார். பச்சை போகாமல் நிலைத்துவிட்டது.

ஏழு மாசமாக அவர் படுக்கை கூடத்தில்தான். அந்தக் கதவைத் திறப்பதில்லை. திறந்தார். அவள் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை முகத்தில் அடித்தது. அதற்கடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. குழாய் பார்க்கக் குழி தோண்டினால் மூன்றடிக்குக் கீழே வரும் ஈர மண்ணின் வாசனை.

கட்டில் காலியாக இருந்தது. விரிப்பில் ஒரு மடிப்பில்லை.

கண்ணை நம்பி அவருக்குப் பழக்கமில்லை. கம்பியை எடுத்து வந்தார். தரையில் ஊன்றிக் காதை வைத்தார். தொட்டிக் குழாயில் தண்ணீர் நடக்கும் சத்தம், சொந்த ரத்தம் இடிக்கும் சத்தம், வேறொன்றும் இல்லை. கட்டிலின் காலில், அவள் படுக்கும் பக்கத்துக் காலில், முனையை வைத்தார்.

முதலில் ஒன்றும் இல்லை.

பிறகு மெல்லிசாக, ஊசி நுழைகிற மாதிரி வந்தது.

கீய்ங்.

கம்பியை எடுத்தார். நின்றுவிட்டது. ஒரு அடி முன்னால் வந்து மறுபடி வைத்தார். இப்போது இன்னும் பலமாகக் கேட்டது. மிஷினுக்குப் பக்கத்தில் எதுவோ நெருங்குகிறது. அறையில் அவரைத் தவிர நெருங்குவதற்கு யாரும் இல்லை.

தலையணைமேல் குனிந்தார். கம்பி தேவைப்படவில்லை.

அவர் கன்னத்துக்கு நேரே, நாலு விரல் தூரத்தில், அது விசிலடித்தது.

 சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். கையில் போன் ஐம்பத்திரண்டு காட்டியது.

"இந்தா," என்றார். எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். "கேக்குதா?"

ஐம்பது.

வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஐம்பதிலேயே நின்றது. "மழை வருது," என்று சொல்லிப் பார்த்தார். நாற்பத்தொன்பது. அவர் பேசினால் இறங்கியது, பேசாவிட்டால் நின்றது. இந்தப் போன் வந்ததிலிருந்து அவர் தனியாக முணுமுணுத்தது, திட்டியது, வானொலியோடு சண்டை போட்டது எல்லாவற்றையும் யாரோ ஒரு சொல் விடாமல் குடித்திருக்கிறார்கள்.

சொல்ல வேண்டியது எது என்று அவருக்குத் தெரியும். ஆனால் வாய் அதைத் தவிர மற்றதையெல்லாம் சொன்னது. கடைக்காரி ஏமாற்றுக்காரி என்று பார்த்தால் அப்படி இல்லை என்றார். பாப்பா மெலிந்துவிட்டாள் என்றார். பின்பக்கக் குழாய்க்கு வாஷர் மாற்றியதை, எந்தக் கடையில் வாங்கினார் என்பது வரைக்கும் சொன்னார். நிமிர்ந்து பார்த்தபோது ஐந்து புள்ளிதான் மிச்சம். சார்ஜர் கூடத்தில் இருந்தது. அவர் எழுந்து போகவில்லை.

"டாக்டர் வீட்டுக்குப் போலாம்னு சொல்லல."

நாலு.

"இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்லன்னார். ரெண்டு பேருக்கும் பேச வேண்டியது இருந்தா இப்பவே பேசிக்கங்கன்னார்."

மூன்று.

"நான்தான் உன்னப் பேச விடல."

இரண்டு.

"செல்லு மறந்து போகல எனக்கு. வேணும்னுதான் மாத்தல. நாலு நாள் வீடு அமைதியா கெடக்கட்டும்னு."

ஒன்று.

"இப்ப ரொம்ப அமைதியாக் கெடக்கு."

திரை கறுத்தது. கடைசி வார்த்தை போய்ச் சேர்ந்ததா என்று காட்ட அதில் ஒன்றும் மிச்சமில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்தார். அலமாரி இழுப்பறையில் பிரிக்காத செல் அட்டை ஒன்று இருந்தது, ஆறு செல். ஒன்றை உரிக்கலாம் என்று நகத்தைக் கொடுத்தார். நகம் வழுக்கிக்கொண்டே போனது. அட்டையை அப்படியே அவள் தலையணைமேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இரவு சார்ஜரில் போட்டுக் காலையில் கழற்றியபோது போன் நூறு காட்டியது. பத்து மணிக்கும் நூறு. பட்டியலில் 'அம்மா காது' சாம்பல் நிறத்தில் கிடந்தது. கூடத்தில் நின்று மழையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். இறங்கவில்லை. அடுப்படியில் நின்று மகளைத் திட்டினார். இறங்கவில்லை. படுக்கையறைக் கதவில் வாயை வைத்து, "இந்தா," என்றார்.

நூறு.

முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனை கசிவை அடைத்திருப்பார். ஓட்டம் நின்றதும் காதுக்குள் வரும் அந்த அமைதிக்காகத்தான் அந்த வேலையே பிடித்திருந்தது. இன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

மகள் கூப்பிட்டாள். "அப்பா, பேட்டரி சரியாச்சா?"

"ஆச்சு."

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, புதுசுல கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்னு. ஏம்பா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

அவர் கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலண்டரில் ஏழு தாள் திருப்பியிருந்தது.

இன்றைய தேதிமேல் ஒரு ஆரஞ்சு ஸ்டிக்கர். கோணலாக, பாதி கசங்கி, விரல் மடங்காதவர்கள் ஒட்டுகிற மாதிரி ஒட்டியிருந்தது.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

காலண்டருக்குக் கீழே பலகையில் அந்த டப்பா மூடி இருந்தது. எட்டு வருஷத்துப் பழைய செல்கள், மேலே தூசி படிந்து கிடந்தன. அவற்றின்மேல் தூசியில்லாமல் ஒன்று கிடந்தது.

அதை எடுத்துப் பார்த்தார். துரு பிடித்திருந்தது. விரலில் ஈர மண் ஒட்டியது.